நான்கு பூட்டு, ஒரு நோட்டு: போருக்கு முந்திய அமெரிக்காவைப் படிக்கும் முறை

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு மாலை நேரங்களில் உலக வரலாறு சொல்லிக்கொடுத்து வருகிறேன். இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு உலகப் போர்களுக்கும் இடையில் அமெரிக்காவின் வெளியுறவுக் கொள்கை என்ற பாடம் வரும்போதெல்லாம் விடைத்தாள்களில் ஒரே கதையைத்தான் பார்க்கிறேன். அமெரிக்கா தனிமைக் கொள்கையைக் கடைப்பிடித்தது, உலகை மறந்து உறங்கியது, 1941 டிசம்பரில் ஜப்பான் குண்டு போட்டதும் எழுந்து உட்கார்ந்தது. கும்பகர்ணனை எழுப்பிய கதைதான். பெயர்கள் மட்டும் வேறு.

அந்தக் கதையைச் சொல்லிக்கொடுத்த குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டு, கரும்பலகையில் "அமெரிக்கா கதவைச் சாத்திக்கொண்டது" என்று பெரிதாக எழுதி அடிக்கோடும் போட்டேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "மேடம், 1930இல் ஹெய்ட்டியிலும் நிகரகுவாவிலும் அமெரிக்க மரைன் படையினர் இருந்தார்களே, அவர்கள் கதவுக்கு உள்ளேயா, வெளியேயா?" வகுப்பு சிரித்தது. நான் பதில் சொல்லாமல் பலகையைத் துடைத்தேன். ஹெய்ட்டியில் 1915 முதல் 1934 வரை மரைன் படை இருந்தது. நிகரகுவாவிலிருந்து 1933இல்தான் வெளியேறியது. இரண்டும் எனக்குத் தெரிந்த செய்திகள்தாம். ஆனால் வேறொரு பாடத்தில் வைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு நானே உருவாக்கிக்கொண்ட படிப்பு முறை இது. நீளமான கோடு போட்ட நோட்டு ஒன்று, பென்சில், சுவரில் ஒட்டும் உலக வரைபடம் ஆகியவை போதும். நான்கு மாலைகளில் முடித்துவிடலாம். அவசரப்படுபவர்கள் இரண்டில் முடிப்பார்கள். அவர்களுடைய கட்டங்களில் பாதி தவறாக இருக்கும்.

முதல் மாலை: சொல்லை ஓரமாக வையுங்கள்

'தனிமைக் கொள்கை' என்ற சொல்லை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, அதன்மேல் ஒரு குறுக்குக் கோடு போடுங்கள். அந்தப் பெயரால் அழைக்கப்பட்டவர்களில் பலர் அதை விரும்பவில்லை. எதிரிகள் ஒட்டிய பட்டம் என்றே நினைத்தார்கள்.

இனி, அந்தப் பெயருக்குப் பொருந்தாதவற்றைப் பட்டியலிடுங்கள். 1921–22இல் வாஷிங்டனில் கடற்படை மாநாட்டைக் கூட்டியது அமெரிக்கா. பெரிய போர்க்கப்பல்களின் மொத்த எடையில் அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான் மூன்றுக்கும் 5:5:3 என்று விகிதம் வைத்ததும் அங்கேதான். 1924இல் ஜெர்மனியின் இழப்பீட்டுச் சிக்கலை அவிழ்த்த திட்டத்துக்கு டாஸ் என்ற அமெரிக்கரின் பெயர். 1929இல் வந்த அடுத்த திட்டத்துக்கு யங் என்ற அமெரிக்கரின் பெயர். 1928இல் போரையே சட்டவிரோதமாக்கிய கெல்லாக்-பிரியான் ஒப்பந்தத்தில் பாதிப் பெயர் அமெரிக்க வெளியுறவு அமைச்சருடையது. செனட் அதை 85க்கு 1 என்று ஏற்றது. உறங்குகிறவன் இத்தனை மாநாட்டுக்குப் போக மாட்டான்.

அப்படியானால் மறுத்தது எதை? இங்கேதான் பாடத்தின் முடிச்சு இருக்கிறது. முதல் போருக்குப் பின் வெர்சாய் ஒப்பந்தத்தின் பகுதியாக உருவான பன்னாட்டுச் சங்கத்தின் பத்தாவது பிரிவை எடுத்துப் படியுங்கள். உறுப்பு நாடு ஒன்று தாக்கப்பட்டால் மற்ற நாடுகள் அதன் எல்லையையும் சுதந்திரத்தையும் காக்க வேண்டும் என்பது அதன் சாரம். செனட்டர் ஹென்றி கேபட் லாட்ஜுக்கு உலகோடு உறவு வைத்துக்கொள்வதில் தயக்கம் இல்லை. என்றோ ஒருநாள் வரப்போகும் சண்டைக்கு இன்றே கையெழுத்துப் போட்டுக் கொடுக்க முடியாது என்பதுதான் அவர் வாதம்.

அந்த ஒப்பந்தத்தின் மேல் செனட் போட்ட வாக்குகளைத் தனித்தனியாக எழுதுங்கள். இதைக் குழப்பாத மாணவரை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன். 1919 நவம்பர் 19 அன்று இரண்டு வாக்கெடுப்புகள். லாட்ஜின் நிபந்தனைகளோடு வைத்தபோது ஆதரவு 39, எதிர்ப்பு 55. நிபந்தனை இல்லாமல் வைத்தபோது 38க்கு 53. 1920 மார்ச் 19 அன்று மீண்டும் நிபந்தனைகளோடு வைத்தபோது 49க்கு 35. பெரும்பான்மை கிடைத்தும், ஒப்பந்தத்துக்குத் தேவையான மூன்றில் இரண்டு பங்குக்கு ஏழு வாக்குகள் குறைந்தன. நிபந்தனைகளை ஏற்க வேண்டாம் என்று தன் கட்சியினரிடம் பிடிவாதமாகச் சொன்னவர் அதிபர் வில்சன். பக்கவாதத்தில் விழுந்து படுக்கையில் இருந்தபடியே சொன்னார். ஆக, ஒப்பந்தத்தைக் கொன்றவர்களின் பட்டியலில் ஒப்பந்தத்தின் தகப்பன் பெயரும் இருக்கிறது. பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1935 ஜனவரியில், உலக நீதிமன்றத்தில் சேரும் தீர்மானமும் 52க்கு 36 என்று தோற்றது. அங்கேயும் குறைந்தவை ஏழே வாக்குகள்.

இடையில் ஒரு சின்ன எச்சரிக்கை. சிக்க வைக்கும் கூட்டணி வேண்டாம் என்ற புகழ்பெற்ற சொற்றொடரை ஜார்ஜ் வாஷிங்டன் சொன்னதாக ஒரு வழிகாட்டிப் புத்தகத்தில் அச்சாகியிருந்தது. அதை நம்பி ஒரு வகுப்பு முழுவதும் மதிப்பெண் இழந்தது. வாஷிங்டன் 1796இல் எச்சரித்தது நிரந்தரக் கூட்டணிகளைப் பற்றி. 'சிக்க வைக்கும்' என்ற அடைமொழி 1801இல் ஜெபர்சன் பதவியேற்றபோது சொன்னது.

இரண்டாம் மாலை: 1917இலிருந்து தொடங்குங்கள்

எல்லோரும் 1935இலிருந்து தொடங்குவார்கள். முதல் நடுநிலைச் சட்டம் அந்த ஆண்டில் வந்தது என்பதால். நீங்கள் பதினெட்டு ஆண்டுகள் பின்னால் போங்கள். அந்தச் சட்டங்கள் ஹிட்லரைப் பார்த்து எழுதப்பட்டவை அல்ல. 1917ஐத் திரும்பிப் பார்த்து எழுதப்பட்டவை.

1917 ஏப்ரலில் அமெரிக்கா போருக்குப் போனது. ஏறக்குறைய 1,16,000 வீரர்கள் திரும்பவில்லை. பத்து ஆண்டுகள் கழித்து, எதற்காகப் போனோம் என்று சாதாரண மனிதர் கேட்டபோது கிடைத்த விடைகளை நான்காகச் சுருக்கலாம். நம் வியாபாரிகள் ஒரு தரப்புக்கு ஆயுதம் விற்றார்கள். நம் வங்கிகள் அதே தரப்புக்குக் கடன் கொடுத்தன. நம் கப்பல்கள் போர் நடக்கும் கடலுக்குள் போயின. நம் ஆட்கள் சண்டையிடும் நாட்டின் கப்பலில் பயணம் செய்தார்கள். 1915 மே மாதம் பிரிட்டனின் லூசிடானியா மூழ்கியபோது இறந்த 1,198 பேரில் 128 பேர் அமெரிக்கர்கள்.

ஆயுதம், கடன், கப்பல், பயணி. நோட்டில் மேலிருந்து கீழாக நான்கு பத்திகள் போட்டு இந்தத் தலைப்புகளை எழுதிக்கொள்ளுங்கள்.

ஆயுதத் தொழிலை ஆராய்ந்த வடக்கு டகோட்டா செனட்டர் ஜெரால்டு நையின் விசாரணைக் குழுவை இந்த இடத்தில் படிக்க வேண்டும். 1934 முதல் 1936 வரை 93 அமர்வுகள். சாட்சிக் கூண்டில் வங்கியாளர் ஜே.பி. மார்கனும் வெடிமருந்துத் தொழில் நடத்திய டு பான்ட் குடும்பத்தாரும் உட்கார்ந்தார்கள். 'மரண வியாபாரிகள்' என்ற சொல் பத்திரிகைகளில் புழங்கிய காலம். குழு கொள்ளை லாபத்தை நிரூபித்தது, லஞ்சத்தையும் காட்டியது. ஆனால் வியாபாரிகள்தாம் நாட்டைப் போருக்குள் தள்ளினார்கள் என்பதை நிரூபிக்கவில்லை. மக்கள் இந்த இரண்டுக்கும் வேறுபாடு பார்க்கவில்லை. விடைத்தாளில் நீங்கள் பார்க்க வேண்டும்.

கடன் பத்தியின் ஓரத்தில் இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். முதல் போரில் வாங்கிய கடனை ஐரோப்பிய நாடுகள் 1930களில் கட்டாமல் விட்டன; தவறாமல் கட்டி வந்தது பின்லாந்து. கட்டாத அரசுக்குப் புதுக் கடன் கிடையாது என்று 1934இல் ஜான்சன் சட்டம் வந்தது. இதைக் கொள்கை என்று நீட்டி முழக்க வேண்டியதில்லை. கடனைத் திருப்பாதவனைத் தெருவில் பார்க்கும்போது வரும் எரிச்சல்தான், சட்ட வடிவில்.

கட்டங்களை நிரப்புதல்

வரிசைக்கு ஒரு சட்டம். மூடினால் பென்சிலால் கருப்பாக்குங்கள். பாதி மூடினால் சாய்கோடு. திறந்தால் வெறுமையாக விடுங்கள்.

1935 ஆகஸ்ட் 31: போரிடும் எந்தத் தரப்புக்கும் ஆயுதம் விற்கக் கூடாது. ஆயுதக் கட்டம் கருப்பு. அமெரிக்கக் கப்பல் ஆயுதம் ஏற்றக் கூடாது என்பதால் கப்பலுக்குச் சாய்கோடு. போரிடும் நாட்டுக் கப்பலில் ஏறினால் உன் பாடு என்று எச்சரிக்கலாம் என்பதால் பயணிக்கும் சாய்கோடு. கடன் வெறுமை.

1936 பிப்ரவரி 29: கடன் கட்டம் கருப்பு.

1937 மே 1: பயணிக் கட்டம் முழுக் கருப்பு. ஆயுதம் அல்லாத சரக்குகளுக்கு மட்டும் ஒரு சந்து: ரொக்கம் கொடு, உன் கப்பலிலேயே ஏற்றிக்கொண்டு போ. இந்தச் சலுகைக்கு இரண்டு ஆண்டுக் கெடு.

இந்த வரிசைகளை முடித்துவிட்டு நோட்டைச் சற்று தள்ளி வைத்துப் பாருங்கள். 1917இல் எந்தெந்த வழியாகப் போர் வீட்டுக்குள் வந்ததோ, அந்த வழிகள் ஒவ்வொன்றாகக் கருப்பாகிக்கொண்டு வருவது தெரியும். போன திருடன் ஏறிய சன்னலுக்கு இத்தனை பூட்டு. அடுத்த திருடன் எந்தப் பக்கம் வருவான் என்ற கேள்வி நோட்டில் எங்கேயும் இல்லை.

அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கு இது தெரியாமல் இல்லை. 1935 சட்டத்தில் கையெழுத்திட்டபோதே, இப்படி வளையாத விதிகள் நம்மைப் போரிலிருந்து காப்பதற்குப் பதில் போருக்குள் இழுத்துவிடலாம் என்று எழுதி வைத்தார். தெரிந்தும் ஏன் கையெழுத்திட்டார்? நை, போரா, வீலர், இளைய லாஃபாலெட் என்று நடுநிலை கேட்ட செனட்டர்கள் பலர் மேற்கு, நடுமேற்கு மாநிலங்களின் சீர்திருத்தவாதிகள். அவருடைய உள்நாட்டுத் திட்டங்களுக்கு அவர்களின் வாக்கு தேவைப்பட்டது. நாட்டில் வேலையின்மை தலைவிரித்தாடிய காலம். தனிமைக் கொள்கையைப் பழமைவாதிகளின் சரக்கு என்று எழுதும் மாணவரிடம் இந்த நான்கு பெயர்களைத்தான் காட்டுவேன்.

மூன்றாம் மாலை: பூட்டு யார் கையை நசுக்கியது

சட்டத்தின் சொற்களை மட்டும் படித்தால் எல்லாம் நியாயமாகத் தெரியும். இரு தரப்புக்கும் சமமான தடைதானே! அதனால் ஒவ்வொரு சட்டத்தையும் ஒரு போரின்மேல் வைத்து அழுத்திப் பாருங்கள். இந்தப் பயிற்சிக்கு நான் மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் கொடுப்பேன்.

எத்தியோப்பியா, 1935 அக்டோபர். முசோலினியிடம் சொந்த ஆயுதத் தொழிற்சாலை இருந்தது, எத்தியோப்பியாவிடம் இல்லை. ஆயுதத் தடை யாருக்கு வலித்திருக்கும்? இத்தாலிக்குத் தேவைப்பட்டது பெட்ரோலியம். அது ஆயுதப் பட்டியலில் இல்லை. வாஷிங்டன் 'தார்மிகத் தடை' என்று வேண்டுகோள் விட்டது. வேண்டுகோளை மீறி இத்தாலிக்குப் போன அமெரிக்க எண்ணெய் கூடியது.

ஸ்பெயின். 1936இல் உள்நாட்டுப் போர் தொடங்கியபோது சட்டத்தில் உள்நாட்டுப் போர் என்ற சொல்லே இல்லை. 1937 ஜனவரியில் ஸ்பெயினுக்கென்றே ஒரு தடைத் தீர்மானம் அவசரமாக வந்தது. அது நிறைவேறுவதற்குச் சற்று முன்னால், குடியரசு அரசுக்கான விமானங்களோடு மார் கன்டாப்ரிகோ என்ற கப்பல் நியூயார்க்கிலிருந்து நழுவிப் போயிற்று. நாடாளுமன்றத்துக்கும் ஒரு சரக்குக் கப்பலுக்கும் ஓட்டப்பந்தயம்! கப்பல் வென்றது, ஆனால் வழியில் கலகத் தலைவர் பிராங்கோவின் கடற்படையிடம் சிக்கியது. சட்டப்படி பதவியில் இருந்த அரசுக்கு ஆயுதம் மறுக்கப்பட்டது. கலகக்காரருக்கு ஹிட்லரும் முசோலினியும் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். இந்த வரிசைக்கு எதிரே நான் ஒவ்வோர் ஆண்டும் ஒரு கேள்விக்குறி போடுகிறேன்: நடுநிலை என்பது இங்கே எந்தப் பக்கம்?

சீனா, 1937 ஜூலை. இந்த வரிசையில் எதையும் கருப்பாக்காதீர்கள். ஜப்பானும் போர் என்று அறிவிக்கவில்லை, சீனாவும் அறிவிக்கவில்லை. அந்தச் சாக்கைப் பிடித்துக்கொண்டு ரூஸ்வெல்ட் சட்டத்தைப் பெட்டியிலேயே வைத்துவிட்டார். பூட்டினால் சீனாவுக்குத்தான் அடி என்று கணக்குப் போட்டார். அதனால் ஜப்பானும் அமெரிக்க எண்ணெயையும் பழைய இரும்பையும் தாராளமாக வாங்கிக்கொண்டது. எழுதிய சட்டத்தைப் போலவே எடுக்காமல் விட்ட சட்டமும் கொள்கைதான் என்று புரியவைக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

அந்த ஆண்டு டிசம்பர் 12 அன்று யாங்சி ஆற்றில் பானே என்ற அமெரிக்கப் போர்ப்படகை ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. 1915இல் லூசிடானியாவுக்கு எழுந்த கூச்சல் இதற்கு எழவில்லை. ஜப்பான் மன்னிப்புக் கேட்டு 22,14,007 டாலர் 36 சென்ட் இழப்பீடு கொடுத்தது. சென்ட் கணக்கு வரை எழுதச் சொல்வேன், மாணவர்கள் மறப்பதில்லை.

வாக்கையும் கணிப்பையும் படிக்கும்போது

பானே மூழ்கிய சூட்டில் லட்லோ திருத்தம் மேடைக்கு வந்தது. இந்தியானாவின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் லூயிஸ் லட்லோ கொண்டுவந்தது: நாட்டின்மேல் படையெடுப்பு நடந்தால் ஒழிய, போர் அறிவிப்பதற்கு முன் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். 1938 ஜனவரி 10 அன்று 188 பேர் ஆதரித்தார்கள், 209 பேர் எதிர்த்தார்கள். அது திருத்தத்தின் மேலான இறுதி வாக்கு இல்லை என்பதைக் கவனியுங்கள். குழுவிலிருந்து அதை விவாதத்துக்கு எடுக்கலாமா என்பதற்கான வாக்கு. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் 'எந்தக் கேள்விக்கு?' என்று எழுதும் பழக்கம் வேண்டும்.

இதே பழக்கம் 203க்கு 202 என்ற புகழ்பெற்ற எண்ணிலும் உதவும். ஒரே ஒரு வாக்கில் அமெரிக்காவின் கட்டாயப் படைச் சேர்ப்புச் சட்டம் பிழைத்தது என்று எழுதுகிறார்கள். சட்டம் 1940 செப்டம்பரிலேயே வந்துவிட்டது. 1941 ஆகஸ்ட் 12 அன்று நடந்த வாக்கு, ஓராண்டுக்கு என்று அழைக்கப்பட்டவர்களை மேலும் வைத்துக்கொள்ளலாமா என்பதற்கு. முகாம் சுவர்களில் இளைஞர்கள் 'ஓஹையோ' என்று எழுதி வைத்தார்கள். மாநிலத்தின் பெயர் அல்ல அது. அக்டோபர் வந்தால் குன்று தாண்டி ஓடிவிடுவோம் என்ற வாசகத்தின் முதலெழுத்துகள்.

கேலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்புகளுக்கும் அதே விதி. 1941இல் போர் அறிவிக்கலாமா என்று கேட்டால் பெரும்பான்மை வேண்டாம் என்றது. போர் மூளும் ஆபத்து இருந்தாலும் பிரிட்டனுக்கு உதவலாமா என்று கேட்டால் பெரும்பான்மை சரி என்றது. அதே மக்கள், அதே மாதங்கள். முதல் கேள்வியை மட்டும் எடுத்தால் தனிமை நாடு. இரண்டாவதை மட்டும் எடுத்தால் போர் நாடு. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதாதவர் எதையாவது விற்க வந்தவர்.

மனிதர்களைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. ஒவ்வொருவரிடமும் 'ஏன் போர் வேண்டாம் என்றார்?' என்று கேளுங்கள், போதும். சோஷலிஸ்டு நார்மன் தாமஸ், முன்னாள் அதிபர் ஹூவர், விமானி லிண்ட்பர்க், பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஜெனட் ரேங்கின் ஆகியோரை ஒரே பந்தியில் உட்கார வைத்தால் சாப்பாடு பாதியில் நிற்கும். போரில் சேர்வதை எதிர்த்து 1940 செப்டம்பரில் உருவான 'அமெரிக்கா முதலில்' குழுவில் ஏறக்குறைய எட்டு லட்சம் பேர் சேர்ந்தார்கள். அமைதிவாதிகளும் இருந்தார்கள், யூத வெறுப்பாளர்களும் இருந்தார்கள். 1941 செப்டம்பர் 11 அன்று டெ மாயின் நகரில், நாட்டைப் போருக்குத் தள்ளுபவர்கள் பிரிட்டிஷார், யூதர்கள், ரூஸ்வெல்ட் அரசு என்று லிண்ட்பர்க் பேசினார். குழுவின் பெயர் அன்றோடு கெட்டது. அந்தப் பேச்சை மட்டும் வைத்துக் குழுவை எழுதுவதும் பிழை; அந்தப் பேச்சை விட்டுவிட்டு எழுதுவது அதைவிடப் பெரிய பிழை.

நான்காம் மாலை: திறப்பதைப் பாருங்கள்

1939 ஜூலையில் வெள்ளை மாளிகையில் ஓர் இரவுக் கூட்டம். ஆயுதத் தடையை நீக்குங்கள், போர் வரப்போகிறது என்று ரூஸ்வெல்ட்டும் வெளியுறவு அமைச்சர் ஹல்லும் மன்றாடினார்கள். இந்த ஆண்டு போர் வராது, உங்கள் துறையைவிட என் தகவல் நம்பகமானது என்றார் செனட்டர் போரா. ஹல்லுக்குக் கண் கலங்கும் அளவுக்கு ஆனதாம். கடைசியில் துணை அதிபர் கார்னர் சுற்றியிருந்தவர்களைக் கேட்டுப் பார்த்துவிட்டு, உங்களிடம் வாக்கு இல்லை, அவ்வளவுதான் என்று அதிபரிடம் சொன்னார். ஆறு வாரங்களில் போலந்தின் எல்லையை ஜெர்மன் டாங்கிகள் கடந்தன. அப்போது அமெரிக்கத் தரைப்படையில் இரண்டு லட்சம் பேர்கூட இல்லை.

இப்போது நோட்டுக்குத் திரும்புங்கள். 1939 நவம்பர் 4: ஆயுதக் கட்டம் வெறுமை, ரொக்கம் கொடுத்து வாங்கிச் செல்லலாம். ஆனால் அதே வரிசையில் கப்பல் கட்டம் முழுக் கருப்பு. போர் மண்டலத்துக்குள் அமெரிக்கக் கப்பல் போகவே கூடாது. ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கிய பேரம் அது. மாணவர்கள் முதல் பாதியை மட்டும் எழுதி, ரூஸ்வெல்ட் வென்றார் என்று முடித்துவிடுகிறார்கள்.

1940 செப்டம்பரில் 50 பழைய போர்க்கப்பல்களைப் பிரிட்டனுக்குக் கொடுத்து, நியூபவுண்ட்லாந்து முதல் பிரிட்டிஷ் கயானா வரை தளங்களை 99 ஆண்டுகளுக்குப் பெற்றார். செனட்டைக் கேட்கவில்லை. இது எந்தக் கட்டத்தில் விழும்? எதிலும் விழாது. பக்கத்தின் ஓரத்தில் எழுதுங்கள். அவர் செய்ததும் ஓரத்தில்தான்.

பிரிட்டனின் கையிருப்பு கரைந்தபோது கடன் கட்டம் தடையாக நின்றது. 1940 டிசம்பர் 17 அன்று நிருபர்களிடம் தோட்டக் குழாய் கதையைச் சொன்னார்: பக்கத்து வீடு எரிகிறது, என் குழாயைக் கொடுக்கிறேன், பதினைந்து டாலர் எடு என்றா கேட்பேன்? தீ அணைந்ததும் குழாய் திரும்பி வந்தால் போதும். 1941 மார்ச் 11 அன்று கடன்-குத்தகைச் சட்டம் வந்தது. மசோதாவின் எண் 1776. செனட்டில் 60க்கு 31. நான்கில் ஓர் அமெரிக்கப் பையனை மண்ணுக்குள் உழுதுவிடும் திட்டம் என்று சீறினார் வீலர். கடன் கட்டத்தை வெறுமையாக்காதீர்கள். பூட்டு அப்படியே தொங்குகிறது. பக்கத்துச் சுவரில் ஒரு வாசல் வரைந்துகொள்ளுங்கள்.

1941 நவம்பரில் கப்பல் கட்டமும் திறந்தது. அதற்கு முன்பே அட்லாண்டிக்கில் சண்டை நடந்துகொண்டிருந்தது. அக்டோபர் 31 அன்று ரூபன் ஜேம்ஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்ததில் ஏறக்குறைய நூறு மாலுமிகள் இறந்தார்கள். பேர்ல் ஹார்பருக்கு ஐந்து வாரம் முன்பு. கும்பகர்ணன் உறக்கத்தில் நீர்மூழ்கி வேட்டை ஆடினான் என்றா எழுதப் போகிறீர்கள்?

பேச்சுகளை இந்தக் கட்டத்தில்தான் படிக்கத் தருவேன், முன்னால் அல்ல. 1914இல் வில்சன், செயலில் மட்டுமல்ல, எண்ணத்திலும் சார்பின்றி இருங்கள் என்று மக்களைக் கேட்டார். 1939 செப்டம்பர் 3 அன்று ரூஸ்வெல்ட், ஒவ்வொரு அமெரிக்கரும் எண்ணத்திலும் நடுநிலையாக இருக்க வேண்டும் என்று என்னால் கேட்க முடியாது என்றார். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் உரையாசிரியர் தேவையில்லை. 1940 அக்டோபர் 30 அன்று பாஸ்டனில், உங்கள் பிள்ளைகளை அந்நியப் போர்களுக்கு அனுப்ப மாட்டோம் என்று சொன்னாரே, அதில் 'தாக்கப்பட்டால் ஒழிய' என்ற வழக்கமான வால் இல்லை. தேர்தலுக்கு ஆறு நாள் இருந்தது. அவரை எனக்குப் பிடிக்கும். அந்தப் பேச்சைப் பிடிக்காது.

ஜப்பானுக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். நான்கு பத்திகளும் அங்கே வேலை செய்யாது. அங்கே கேட்க வேண்டியது, எதை விற்பதை எப்போது நிறுத்தினார்கள் என்பது மட்டும். 1939 ஜூலையில் வணிக உடன்படிக்கையை முடித்துக்கொள்வதாக அறிவிப்பு, 1940 இலையுதிர் காலத்தில் பழைய இரும்புக்குத் தடை, 1941 ஜூலையில் ஜப்பானியச் சொத்து முடக்கம், அதைத் தொடர்ந்து எண்ணெய் நின்றது. ஐரோப்பாவைப் பார்த்துப் பூட்டிக்கொண்டிருந்த நாடு ஆசியாவில் குழாயைத் திருகிக்கொண்டிருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவன், ஐந்தாவதாக ஒரு பத்தி வேண்டும் என்றான். "என்ன தலைப்பு, தம்பி?" என்றேன். "அகதி" என்றான். 1924 குடியேற்றச் சட்டத்தின் நாட்டுவாரி ஒதுக்கீடு, 1939இல் இருபதாயிரம் குழந்தைகளை ஏற்கலாம் என்று வந்து செத்துப்போன வாக்னர்-ராஜர்ஸ் மசோதா, 937 பயணிகளோடு போய், அவர்களில் பெரும்பாலோரை ஹவானாவில் இறக்க முடியாமல், புளோரிடாக் கரையோரம் சுற்றி ஐரோப்பாவுக்கே திரும்பிய செயின்ட் லூயிஸ் கப்பல் ஆகிய மூன்றையும் அவனே நிரப்பினான். அந்தப் பத்தியில் 1924 முதல் 1941 வரை எந்தக் கட்டமும் திறக்கவில்லை. இப்போது என் நோட்டிலும் ஐந்து பத்திகள்.

கடைசி வரிசையை எழுதுமுன் முதல் பக்கத்துக்குப் போய் 1917 வாக்கைச் சேர்த்துவிடுங்கள்: செனட்டில் 82க்கு 6, பிரதிநிதிகள் சபையில் 373க்கு 50. பிறகு 1941 டிசம்பர் 8: செனட்டில் 82க்கு 0, சபையில் 388க்கு 1. வாக்கு ஜப்பான் மீது மட்டும். ஜெர்மனி மூன்று நாள் கழித்துத் தானாகவே அமெரிக்கா மீது போர் அறிவித்தது. அந்த ஒரு வாக்கு மொன்டானாவின் ஜெனட் ரேங்கினுடையது. 1917இல் வேண்டாம் என்ற ஐம்பது பேரிலும் அவர் இருந்தார். வாக்களித்துவிட்டு வெளியே வந்தவரைக் கூட்டம் சூழ்ந்துகொண்டது. ஒரு தொலைபேசிக் கூண்டுக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டு, காவலர்கள் வந்து அழைத்துப் போகும்வரை அங்கேயே நின்றார்.